எல்லைக்கல் வரை

ஷெஃபீல்டு,
ஏப்ரல் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே அவரும் பையனும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று தம்பி சொன்னான். குறைந்ததைச் சாக்கிட்டு அதிரசம் சுட ஆரம்பித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் அங்கே வந்து நான் எங்கே நடப்பது என்று போனில் கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் முட்டிக்கு டாக்டர் போட்ட கட்டளை எனக்கு மனப்பாடம்: மேடு வேண்டாம், படி வேண்டாம், தினம் அரை மணி நேரம். ஷெஃபீல்டோ வாசலைத் தாண்டினாலே மேடும் பள்ளமுமான ஊர். ஆகவே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பஸ் ஏறி, உங்களுக்காக நானே நடந்து பார்த்து ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். இங்கிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம், டெர்பிஷயரில் இருக்கிறது. ஊரின் பெயர் ஈம். பலகையில் பார்த்துவிட்டு ‘எயாம்’ என்று பஸ்காரரிடம் டிக்கெட் கேட்டேன். அவர் சிரிக்காமல் திருத்தினார். ஈமச்சடங்கில் வரும் ஈமம் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அந்த ஊரின் கதை தெரிந்த பிறகு, அது வெறும் ஒலி ஒற்றுமை என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

கதைக்கு முன் பாதையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள்.

இங்கே நடப்பதென்றால் சாலையோரமாக நடப்பதில்லை அப்பா. அடுத்தவர் வயல்காட்டுக்குள்ளேயே நடக்கிறார்கள். முதல் தடவை, மஞ்சள் அம்புக்குறி போட்ட மரக்கம்பத்தருகே நின்றுகொண்டு, யாருடைய காடோ, கேட்காமல் எப்படி நுழைவது என்று தயங்கினேன். உள்ளே ஆடுகள் குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தன. நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பாட்டி, “அதுதான் பாதை, போ டக்” என்றார். டக் என்றால் வாத்து. இந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் கண்ணு என்போமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாதைகள் எல்லாம் சட்டப்படி பொதுப்பாதைகள். 1949-ல் ஒரு சட்டம் போட்டு, எந்தெந்தக் காட்டின் குறுக்கே மக்களுக்கு நடக்க உரிமை உண்டு என்று வரைபடத்தில் பதியவைத்தார்கள். நிலத்துக்காரர் உழலாம், ஆனால் உழுத 14 நாட்களுக்குள் பாதையைச் சமன்செய்து மறுபடி காட்டிவிட வேண்டும். இதைப் படித்ததும் உங்களைத்தான் நினைத்தேன். அவிநாசிப் பக்கம் ஒரு வண்டிப்பாதைப் புறம்போக்கை அளக்க நீங்கள் சங்கிலியோடு போனபோது நாயை அவிழ்த்துவிட்டார்களே, அந்த நாளை. வேலிகளுக்கு நடுவே போகும் நம் இட்டேரிகளில் எத்தனை இன்று புலப்படத்தில் மட்டும் உயிரோடு இருக்கின்றன!

வரைபடமும் வாங்கி வைத்துவிட்டேன். பிரிட்டனின் நில அளவை அலுவலகமான ஆர்ட்னன்ஸ் சர்வே போட்டது, நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். காட்டுச் சுவர்கள்கூட ஒவ்வொன்றாக அதில் இருக்கின்றன. நடைபாதைகள் பச்சைப் புள்ளிக்கோடுகள். இந்தியாவை அளக்கப் பரங்கிமலையில் லாம்டன் 1802-ல் அடிக்கோடு அளந்த கதையை எங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! அதற்குப் பதினோரு வருடம் முன்பு, 1791-ல் தொடங்கிய அலுவலகம் இது. நீங்கள் வந்ததும் இதை விரித்துவைத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டைவிட்டு நகரமாட்டீர்கள் என்று அவர் பந்தயம் கட்டியிருக்கிறார்.

சுவர்கள் சாந்தில்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டியவை. சுவரைக் கடக்கப் படலும் கிடையாது, கதவும் கிடையாது. இரண்டு பட்டைக்கற்களை நட்டு, நடுவே ஓர் இடுக்கு விட்டிருக்கிறார்கள். கீழே முழங்கால் நுழையும் அளவு, மேலே இடுப்புக்குக் கொஞ்சம் அகலம். ஆள் பக்கவாட்டில் நுழையலாம், ஆடு நுழைய முடியாது. முழங்கால் உராயும் உயரத்தில் மட்டும் கல் நம் வீட்டு அம்மிபோல வழவழப்பாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு, பாசி. நான் தயிர்சாதப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நுழையப்போய் நடுவில் சிக்கிக்கொண்டேன். பையன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். நீங்கள் மெலிந்த ஆள், கவலையில்லை.

இனி கதை. 1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து இந்த ஊர்த் தையற்காரர் வீட்டுக்கு ஒரு துணிமூட்டை வந்தது. ஈரமாக இருந்ததால் வேலையாள் அதைப் பிரித்து அடுப்பருகே உலர்த்தினார். துணியில் இருந்த தெள்ளுப்பூச்சிகளோடு ப்ளேக்கும் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் அந்த வேலையாள் இறந்தார், பிறகு வரிசையாக மற்றவர்கள். அடுத்த கோடையில் நோய் உக்கிரமானபோது, ஊர்ப் பாதிரியார் மொம்பெசன், எல்லையைத் தாண்டி யாரும் போகக்கூடாது, நோயை அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோகக்கூடாது என்று ஊரைக் கேட்டுக்கொண்டார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. ஊர் அவரை நம்பவும் இல்லை. பதவியிழந்த பழைய பாதிரியார் ஸ்டான்லி பக்கத்தில் நின்று பேசிய பிறகுதான் இசைந்தார்கள். சமயக் கருத்தில் எதிரெதிரான இரண்டு பேர் அவர்கள். பதினான்கு மாதங்களில் சுமார் 260 பேர் இறந்தார்கள், மொம்பெசனின் மனைவியும் அதில் ஒருவர். தேவாலய முற்றத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

உங்களுக்காக நான் தேர்ந்தெடுத்த நடை, அந்த எல்லையைக் குறிக்கும் எல்லைக்கல் வரை. ஊர் நடுவிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும். முதலில் வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து, அப்புறம் புல்வெளி, கல் இடுக்குகள். கல் பெரிய உருண்டைப் பாறை, ஆட்டுக்காட்டின் நடுவே தனியாகக் கிடக்கிறது. யாரும் சொல்லாவிட்டால் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போய்விடுவோம். மேலே ஆறு குழிகள். ஊர்க்காரர்கள் அவற்றில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டு வைப்பார்களாம். அடுத்த ஊரான ஸ்டோனி மிடில்டன்காரர்கள் சாமானை வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்களாம். நான் போனபோது ஒரு குழியில் மழைத்தண்ணீரும் யாரோ போட்ட இரண்டு பென்னிக் காசும் கிடந்தன.

எனக்கு நம் வீட்டுக் கேட் நினைவுக்கு வந்தது அப்பா. 2020-ல் நம் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தபோது, அம்மா கேட்டருகே ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்து, பால்காரருக்குக் காசை அதில் போட்டு வைத்தாரே. “ரூபாய் நோட்டை எப்படி ஊறவைப்பது?” என்று நீங்கள் கோபித்துக்கொண்டு, அலமாரியிலிருந்து சில்லறையெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தீர்கள். அம்முச்சி கையைப் பிடித்துக்கொண்டு கோவையில் ப்ளேக் மாரியம்மன் கோயிலுக்குப் போன நாட்களும் நினைவில் வந்தன. நோயின் பெயரையே சாமிக்கு வைத்திருக்கிறார்களே என்று சின்ன வயதில் எனக்குப் பயமாக இருக்கும்.

எல்லைக்கல்லைத் தாண்டியும் பாதை போகிறது, ஆனால் ஸ்டோனி மிடில்டனுக்குச் சரிவாக இறங்குகிறது. இறங்கினால் எண்கோண வடிவில் ஒரு தேவாலயம் பார்க்கலாம். உங்கள் முட்டிக்கு அது வேண்டாம். மொம்பெசன் கிணறு என்று ஊருக்கு வடக்கே மேட்டில் இன்னொரு இடம், அதுவும் வேண்டாம்.

ஆனால் ரைலி கல்லறைகளுக்கு உங்களை அழைத்துப்போகத்தான் போகிறேன். ஊரின் கிழக்குக் கோடியிலிருந்து ஒரு வண்டிப்பாதை மெல்ல ஏறுகிறது, நின்று நின்று போகலாம். புல்வெளி நடுவே வட்டமாக ஒரு சிறு கல்சுவர், அதற்குள் சில நடுகற்கள். எலிசபெத் ஹேன்காக் என்ற பெண், 1666 ஆகஸ்ட் 3-லிருந்து 10-க்குள், கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே குழிவெட்டிப் புதைத்த இடம். வேறு யாரும் கிட்டே வர அஞ்சினார்கள். மிஞ்சிய ஒரே மகனைத் தேடி அவர் பிறகு போன ஊர் ஷெஃபீல்டு. நான் திரும்பி வந்ததும் இதே ஊருக்குத்தான். பஸ்ஸில் பையன் என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தான். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

தேவாலயச் சுவரில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது, 1775-ம் ஆண்டுடையது. நான் பார்த்தபோது என் கைக்கடிகாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. கோடையில் இவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுகிறார்கள், அது சரி. மீதி ஆறேழு நிமிடம் ஏன் என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டார். ஊர் கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதால் என்று நான் சொன்னேன். “சர்வேயர் பெண்” என்று முணுமுணுத்தார்.

திரும்பும் பஸ்ஸை ஒருமுறை தவறவிட்டு, தேநீர்க்கடையும் மூடிவிட, குளிரில் முக்கால் மணி நேரம் நிழற்குடையில் நின்றோம். ஆகவே ஃபிளாஸ்க் கட்டாயம். ரப்பர் அடி உள்ள ஷூவும், முட்டிக்குப் போடும் உறையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். ஜூன் என்று நம்பி ஸ்வெட்டரை விட்டுவிட்டு வராதீர்கள்.

அந்தக் கல்லிலிருந்து பக்கத்துச் சுவர் எத்தனை அடி என்று நீங்கள் கேட்காமல் இருக்கமாட்டீர்கள். நான் அளக்கவில்லை. முப்பது மீட்டர் டேப் ஒன்று இங்கே வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு முனையைப் பேரன் பிடித்துக்கொள்வான்.

உங்கள் அன்பு மகள்