அணி இலக்கணமும் ஆற்று நீரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அணி இலக்கணத்தை மனப்பாடம் செய்யவைத்து, வரையறையைப் பிசகாமல் எழுதினால் மதிப்பெண் தருவதோடு நம் வகுப்பறைகள் நின்றுவிடுகின்றன. கண்ணகிக்கு நேரவிருக்கும் துயரை முன்பே அறிந்தவள்போல, வையை (வைகை ஆறு) மலராடை போர்த்துத் தன் கண்ணீரை மறைத்தாள் என்கிறது சிலப்பதிகாரம். ஆற்றில் பூக்கள் மிதந்து செல்வது இயல்பு. அதன்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றுகிறார்; இதுவே தற்குறிப்பேற்ற அணி. பூ மிதக்கும் வாய்க்கால் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டி, 'இது எதை மூடிக்கொண்டு போகிறது?' என்று கேட்டால், (விடைகள் சில நேரம் சிரிப்பூட்டும் என்றாலும்) அவர்களே தற்குறிப்பேற்றம் செய்துவிடுவார்கள். அணியின் பெயரைப் பிறகு சொன்னால் போதும். 'அணியைச் சுட்டி விளக்குக' என்பதோடு, மழையையோ வேப்பமரத்தையோ பற்றிச் சொந்தமாக உவமை எழுதச் சொல்லும் வினா ஒன்றும் தேர்வில் இடம்பெறக் கல்வித்துறை ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர், திருச்சிராப்பள்ளி