கொக்தெயிக் பாலமும் மூங்கில் குச்சிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சிறுவர் பகுதியில், மாதிரி ரயில் பாதைக்கான பாலத்தை வீட்டிலேயே கட்டும் முறையையும் வெளியிட வேண்டுகிறேன்.

1900ஆம் ஆண்டளவில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த எஃகுப் பகுதிகளைக் கொண்டு, பர்மாவில் பியின் ஊ லுவின், லாஷியோ ஆகிய ஊர்களுக்கு இடையே எழுப்பப்பட்ட கொக்தெயிக் ரயில் பாலத்தின் நீளம் 689 மீட்டர். மாதிரி ரயில்களுக்கு வழக்கமான அளவான 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் ஏறக்குறைய 8 மீட்டர் வரும் என்பதால், நானும் என் பேரனும் பாலத்தைத் தாங்கும் கோபுரங்களில் இரண்டை மட்டும் மூங்கில் குச்சிகளால் செய்தோம். முதல் கோபுரம் சாய்ந்துவிட்டது. நான்கு கால்களையும் தனித்தனியே நிறுத்தியதுதான் பிழை. பிறகு வரைபடத்தை மேசையில் விரித்து, அதன்மேல் எண்ணெய்த்தாளிட்டு, பக்கச் சட்டங்களைப் படுக்கவைத்தே ஒட்டி, பசை ஓர் இரவு முழுதும் காய்ந்தபின் குறுக்குச் சட்டங்களால் இணைத்தபோது கோபுரம் அசையாமல் நின்றது. கால்கள் கீழே அகன்றிருப்பது அழகுக்காக மட்டுமன்று, பக்கவாட்டில் வீசும் காற்றைத் தாங்கவும்தான் என்பதைப் பேரன் விரலால் தள்ளிப் பார்த்தே அறிந்துகொண்டான்.

தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள பர்மாவின் மீட்டர் பாதைக்கு இந்த அளவில் 12 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளம் பொருந்தும். அளவுகளுடன் கூடிய வரைபடம் ஒன்றைத் தாங்கள் அச்சிட்டால், மூங்கிலுக்கு இங்கே பஞ்சமில்லை. பிள்ளைகள் உடனே தொடங்கிவிடுவார்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாங்கோன்.