செவலையின் மூக்கு

சரவணம்பட்டி,
ஆடி 21

அன்புள்ள மாப்பிள்ளை சென்னியப்பனுக்கு,

உன் கடிதம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் கிடைத்தது. தங்கைக்கு முழங்கால் வலி தணிந்து, திரும்பவும் பட்டி வரை நடந்து போய் வருகிறாள் என்று படித்த பிறகுதான் மனது ஆறியது. பேரனின் காதுகுத்துக்கு நாள் குறித்ததும் எழுது. எந்த வேலை இருந்தாலும் வந்துவிடுவேன்.

“அடுக்குமாடி வீட்டுக்குள் நாயை வைத்திருக்கிறீர்களே, பாவமில்லையா?” என்று கேட்டிருந்தாய். பாவம்தான். தை மாதம் நான் இங்கே குடிவந்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மகள் அம்மிணியும் மருமகனும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். வேளைக்குச் சோறு, மெத்தை, மின்விசிறி எல்லாம் இருந்தும் செவலை தன் முன்னங்காலை நக்கி நக்கி, ரோமம் உதிர்ந்து தோல் சிவந்து கிடந்தது. சோபாவின் ஒரு காலைப் பாதி கடித்துத் தீர்த்திருந்தது. சேட்டை என்றார்கள். கால்நடை மருத்துவர் தோலையும் காதையும் நன்றாகச் சோதித்துவிட்டு, “நோய் ஒன்றுமில்லை, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நக்குகிறது” என்றார்.

அன்று இரவு உங்கள் கொறங்காட்டில், அந்த வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், வளர்ந்த நாய் மணி நினைவுக்கு வந்தது. விடியும் முன்பே கிளுவை வேலியைச் சுற்றி வந்து, இரவில் எது நுழைந்தது, எது போனது என்று மோந்து பார்த்துவிடும். பிறகு ஆடுகளோடு மேய்ச்சலுக்குப் போகும், கீரியைத் துரத்தும். உச்சி வெயிலில் வெள்வேல மரத்தடியில் குழி பறித்துக் குளிர்ந்த மண்ணில் வயிறு பதியப் படுத்துக்கொள்ளும். தின்றது களியும் மோரும்தான். அந்தக் காலம்தான் நல்லது என்று நான் சொல்லவில்லை. மணிக்கு ஒரு தடுப்பூசிகூட நாம் போட்டதில்லை, பாம்பு கடித்து ஏழு வயதில் போய்விட்டது. ஆனால் அதற்கு ஒரு நாளும் பொழுது போகாமல் இருந்ததில்லை. செவலையிடம் இல்லாதது அந்த வேலைதான்.

மருமகன் செவலையைத் தினமும் இருபது நிமிடம் நடத்திக்கொண்டு போவார். எங்காவது மோப்பம் பிடித்து நின்றால் கயிற்றை இழுப்பார். நல்ல மனிதர், ஆனால் நடை என்றால் கால் நடப்பது என்று நினைத்துவிட்டார். இப்போது காலை நடைக்கு நான் போகிறேன். கயிற்றை நீளமாக விட்டு, அது நிற்கும் இடத்தில் நானும் நிற்கிறேன். நேற்று ஒரு விளக்குக் கம்பத்தடியில் நாலு நிமிடம் நின்றது. குனிந்து பார்த்தேன். நொடிக்கு ஐந்து தடவை மூச்சிழுக்கிறது. வெளிவிடும் காற்று மூக்கின் பக்கவாட்டுக் கீறல் வழியாகப் போவதால், இரண்டு பக்கமும் செம்மண் புழுதி மெல்லப் பறந்தது. நமக்கு வாசனை உணரும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கும் மேல். அந்தக் கம்பத்தடியில் எந்த நாய் வந்தது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அதைப் பாதியில் இழுப்பது, படித்துக்கொண்டிருப்பவன் கையிலிருந்து தினத்தாளைப் பிடுங்குவது போல.

கட்டியோ அடைத்தோ வளர்க்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் இருப்பதும் வதைதான் என்று 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. மருமகனிடம் அதைக் காட்டினேன். மூக்கைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எனக்கென்னவோ காலைவிட மூக்குதான் பெரிதாகப் படுகிறது.

சோற்றையும் இப்போது தட்டில் வைப்பதில்லை. எலும்பெடுத்த கோழித் துண்டுகளைப் பழைய துவாலைக்குள் வைத்துச் சுருட்டி, ஒரு முடிச்சுப் போட்டுத் தருகிறேன். முதல் நாள் என் முகத்தையே பார்த்தது. மூன்றாம் நாள் முடிச்சை மிதித்துக்கொண்டு பல்லால் ஓரத்தைப் பிரித்தது. இரண்டு நிமிடத்தில் தீர்ந்த தீனி இப்போது கால் மணி நேரம் ஆகிறது. துணியைக் கிழித்து விழுங்கிவிடக் கூடாதே என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தூங்குகிறது. காலில் ரோமம் முளைத்துவிட்டது. லிஃப்ட் சத்தம் கேட்டால் குரைப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

பால்கனியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மண் நிரப்பி வைத்தேன், பறித்து விளையாடட்டும் என்று. நர்சரியில் வாங்கிய மண். ஒரு தடவை மோந்துவிட்டுப் போய்விட்டது. அதனால் உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். நீ கோவைக்கு வரும்போது கொறங்காட்டு மண் அரை மூட்டையும் ஒரு பிடி கொழுக்கட்டைப் புல்லும் கொண்டு வா. உண்ணி இல்லாமல் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து எடு. வெள்வேல மரத்தடியில் மணி பறித்துப் படுத்த இடம் உனக்கு நினைவிருக்கும், அங்கிருந்தே அள்ளிக்கொள்.

உன் நண்பன்,
நாச்சிமுத்து