‘வெறும் மண்’ என்று எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் அலொட்மென்ட் (இங்கே பிரித்தானியாவில் மரக்கறி செய்ய வாடகைக்குத் தருகிற தோட்டத் துண்டு) சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். வருசப் பிறப்புக்கு அடுத்த நாள், ஏப்ரல் 15 என்று திகதியிட்ட உங்கள் கடிதம் கிடைத்தது. என் துண்டில் முக்கால் பங்கு பயிரிடப்படவில்லையாம், பெரும்பகுதி வெறும் மண்ணாம். 28 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் துண்டைத் திருப்பி எடுக்க நேருமாம். முறைப்படியான பதிலை ஆங்கிலத்தில் தந்துவிட்டேன். ஆனால் குழுவில் நம்மவர் இரண்டு பேர் இருக்கிறீர்கள். இதே கடிதம் வாங்கிய ஒன்பது பேரில் ஆறு பேரும் நம்மவர். அது ஏன் அப்படி விழுந்தது என்பதைத் தமிழில் கதைத்தால்தான் எனக்குச் சரிவரும்.

பக்கத்துத் துண்டுக்காரர் பங்குனியிலேயே உருளைக்கிழங்கு தாட்டுவிட்டார். உங்கள் ஆள் குறிப்புப் புத்தகத்தோடு வந்த அன்று அவருடைய வரம்பிலும் ஒரு தளிர் வெளியே வரவில்லை. ஆனாலும் வரம்பு கட்டியிருந்ததால் அது பயிர். நான் தண்டுக்கீரைக்குச் சமப்படுத்தி வைத்திருந்த பாத்தி வெறும் மண். இரண்டிலும் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே மண்தான்.

பாகற்காயும் வெங்காயமும் ஒரே நாளில் நடுகிற பயிர்களா? வெங்காயம், போஞ்சிமாதிரிப் பெரிய ‘புரோட் பீன்ஸ்’, பட்டாணி எல்லாம் குளிர் தாங்கும். ஏப்ரலில் தோட்டம் பச்சையாகத் தெரிய வேண்டுமென்றால் அவற்றை வைத்தால் போதும். மிளகாய், கத்தரி, பூசணி, பயற்றங்காய், தண்டுக்கீரை வைக்கிற நம்மவர்களுக்கு மே கடைசிவரை மண் திறக்காது. நான் மிளகாய் விதையை மாசி முதல் கிழமையில் போட்டேன். அது முளைக்க 20 பாகைக்கு மேல் சூடு வேண்டும். அதனால் வரவேற்பறை ஹீட்டருக்கு மேல் பலகை போட்டு, அதன்மேல் தயிர்க் கோப்பைகள், ஐஸ்கிரீம் பெட்டிகள். யன்னல் திரையை இழுத்து மூட முடியாது. விருந்தாளிக்கு இருக்க இடமில்லை. நாற்று ஒரு பக்கம் சாயாமல் இருக்க ஒவ்வொரு காலையும் கோப்பைகளைத் திருப்பி வைக்கிறேன். இந்தத் தோட்டத்தைப் பார்க்க உங்கள் ஆள் என் வீட்டுக்கு வரவில்லை, வரவும் முடியாது. ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நீங்கள் தந்த 28 நாள் மே 13இல் முடிகிறது. 2020ஐ நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு நேரம், ஏப்ரல் முழுக்க வெயில், எல்லோருக்கும் தோட்டம்தான் போக்கிடம். நானும் அவசரப்பட்டு மே முதல் கிழமையில் 32 மிளகாய்க் கன்றுகளை வெளியே நட்டேன். மே நடுவில் உறைபனி வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் கொதிநீரில் அமிழ்த்தி எடுத்த கீரைபோலத் தொய்ந்து, கண்ணாடிபோல ஒளி ஊடுருவுகிற கடும்பச்சையில் கிடந்தது. மத்தியானம் வெயில் பட்டதும் கறுத்துவிட்டது. தண்டைத் தொட்டால் கூழ். மூன்று மாத வேலை. அதற்குப் பிறகு நான் மே கடைசிக் கிழமைக்கு முன் ஒன்றும் நடுவதில்லை. நட்டாலும் அதற்கு முன் பத்து நாள் கோப்பைகளைக் காலையில் வெளியே தூக்கி வைத்து, பின்னேரம் உள்ளே எடுத்துக் காற்றுக்குப் பழக்குவேன். உங்கள் கெடுவை மதித்து மே 13க்குள் நட்டால் 2020 திரும்ப வரலாம்.

மண்ணும் ஒரு காரணம். எங்கள் இடம் களிமண். ஊரில் அப்பா வெங்காயமும் புகையிலையும் செய்தவர், ஈரத் தறையில் கால் வைத்தால் சத்தம் போடுவார். அங்கே செம்மண், இங்கே களி, இங்கே அந்தச் சட்டம் இன்னும் கடுமை. ஒரு பிடி எடுத்து அமத்திப் பார்ப்பேன். உருண்டையாக நின்று பளபளத்தால் மண்வெட்டியைக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். உதிர்ந்தால்தான் வேலை. ஈரத்தில் மிதித்துக் கிண்டிய களி காய்ந்தால் செங்கல், அந்தப் பருவம் முழுக்க வேர் இறங்காது.

உதிர்கிற நாள் வந்ததும் பாத்தியைக் கட்டி, வேண்டுமென்றே மூன்று கிழமை சும்மா விடுகிறேன். களை முளைக்கட்டும் என்றுதான். முளைத்ததை மேலோடு செருக்கிவிட்டு விதைத்தால் பாதி வேலை மிச்சம். இங்கே களையாக வருகிற சக்கரவர்த்திக் கீரையும் நம் தண்டுக்கீரையும் இரண்டு இலைப் பருவத்தில் அக்கா தங்கைமாதிரி. கலந்து முளைத்துவிட்டால் குனிந்தே முதுகு போய்விடும். நீங்கள் படம் எடுத்து இணைத்த பாத்தி அந்த மூன்று கிழமையில் இருந்தது.

இன்னொரு பாத்தி வெறுமையாய்க் கிடந்ததற்குக் காரணம் வாசலில் சங்கம் இறக்கிவைத்த குதிரை எரு. 2008இல் இந்த நாட்டில் பல அலொட்மென்ட்களில் தக்காளியும் அவரையும் சுருண்டு போனது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். புல்வெளிக் களைக்கு அடித்த அமினோபைரலிட் என்ற களைகொல்லி காய்ந்த புல்லோடு மிருகத்தின் வயிற்றுக்குப் போய், எருவாக வெளியே வந்தும் வீரியம் குறையாமல் இருந்தது. அதனால் எருவைச் சட்டியில் கலந்து நாலு புரோட் பீன்ஸ் விதை போட்டு வைத்திருக்கிறேன். இலை பன்னச் செடிபோலச் சுருளாமல் வந்தால்தான் பாத்திக்குப் போடுவேன். இந்தச் சோதனையைச் சங்கமே செய்து வாசலில் எழுதிப் போட்டால் எல்லோருக்கும் நல்லது. இது கோபத்தில் சொல்வதல்ல.

இந்த நாட்டின் 1922ஆம் ஆண்டுச் சட்டம் அலொட்மென்ட் தோட்டம் என்பதை, குடியிருப்பவர் தன்னுடையதும் குடும்பத்தினுடையதுமான சாப்பாட்டுக்கு மரக்கறியோ பழமோ விளைவிக்கிற நிலம் என்றுதான் விளக்குகிறது. எங்கள் வீட்டுச் சாப்பாடு ஆவணியில்தான் இந்தத் துண்டிலிருந்து வருகிறது. அதற்கு ஏப்ரலில் மதிப்பெண் போடுகிறீர்கள்.

ஏப்ரலில் வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முட்கொடி, குப்பை, நடைபாதையை மூடிய புல் இருக்கிறதா என்று பாருங்கள். அவை என் துண்டில் இருந்தால் தாராளமாக எழுதுங்கள். பயிரை மட்டும் யூலை முதல் கிழமையில் எண்ணுங்கள். கடிதம் போடுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு. ஒன்பது கடிதத்தில் இரண்டு, துண்டு கிடைத்து ஆறு மாதம்கூட ஆகாதவர்களுக்குப் போயிருக்கிறது. பல வருசம் வரிசையில் காத்திருந்து சாவி வாங்கியவர்கள். அதில் ஒரு அம்மா சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறா. அவவுக்குப் போன கடிதத்தையாவது முதலில் மீளப்பெறுங்கள். என்னுடையது பிறகு பார்க்கலாம்.

யூன் முதல் ஞாயிறு காலை நான் துண்டில் இருப்பேன். கன்றுகள் அன்று மண்ணுக்குள் போயிருக்கும், ஒரு ஐம்பது மிஞ்சியும் இருக்கும். வந்தால் ஆளுக்கு இரண்டு கொண்டுபோகலாம்.

இப்படிக்கு,
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பாதித் துண்டுக்காரி