வண்டிக்கு 5, பேட்டரிக்கு 18: ஜிஎஸ்டி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல் ஆட்டோவுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஈய அமில பேட்டரிக்கும் அப்படியே. லித்தியம் பேட்டரி மட்டும் பழைய 18லேயே நிற்கிறது. மின் வண்டிக்கும் சார்ஜருக்கும் 2019 ஆகஸ்ட் முதல் 5தான். பேட்டரி இல்லாமல் விற்றாலும் மின் வண்டிக்கு 5 என்று 2022இல் விளக்கமும் வந்தது. அந்த வண்டியில் போடும் மாற்று பேட்டரிக்கும் 5 ஆக்குங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இந்த 18 சுடுவது வாரண்டி முடிந்த ஆட்டோக்காரரை. 51.2 வோல்ட் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி பேக்கில் 16 செல் வரிசையாகத் தொடரில் இருக்கும். ஒன்று தளர்ந்தால் போதும். ஏற்றத்தில் லோடு கூடும்போது அந்தச் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகையான பிஎம்எஸ் மொத்த பேக்கையும் வெட்டிவிடும். மீதி 15 செல்லில் சார்ஜ் இருந்தும் வண்டி பயணியோடு பாலத்தில் நிற்கும். ஒரு செல் என்றால் அதே கொள்ளளவும் அதே உள்தடையும் (செல்லுக்குள் மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) உள்ளதைப் போட்டு, எல்லாச் செல்லின் சார்ஜும் சமமாகும்படி பேலன்ஸ் செய்யலாம். நாலைந்து போய்விட்டால் பேக்கைத்தான் மாற்ற வேண்டும். விலை ஒரு லட்சம் என்று வையுங்கள்: வரி 18,000. ஐந்து சதவீதமானால் 5,000. ஜிஎஸ்டி பதிவில்லாத ஓட்டுநருக்கு வாங்கும்போது கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) கழிக்க வழியில்லை. அந்த 13,000 அவர் வீட்டுப் பணம்.

ஆகவே பில் இல்லாத பேக்கைத் தேடிப் போகிறார். கழித்துப் போட்ட பேக்குகளின் செல்களைக் கலந்து கட்டியது. உள்தடை கூடிய செல் சீக்கிரம் உச்ச வோல்ட்டைத் தொடும், சீக்கிரம் கீழே விழும். பிஎம்எஸ் அடிக்கடி வெட்டுகிறதென்று அதைத் தாண்டி ஒயர் இழுத்துவிடுவார்கள். பிறகு செல் உப்பும், புகையும். ஏஐஎஸ் 156 என்று பாதுகாப்புத் தரம் கொண்டுவந்துவிட்டு, தரமான பேக்கை எட்டாத விலைக்கு ஏற்றி வைத்திருக்கிறோம்.

புகை விடும் புது ஆட்டோவுக்கும் புகையில்லா ஆட்டோவின் பேட்டரிக்கும் ஒரே வரி. சுற்றுச்சூழல் தின விளம்பரத்தில் மரக்கன்றுக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கையும் அச்சிடலாம். மன்னிக்கவும், கேட்க வந்தது இதுவல்ல.

சலுகை வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கும் பேட்டரிக்குப் போய்விடும் என்ற தயக்கம் நியாயமே. அதற்கு வழியுண்டு: ஏஐஎஸ் 156 சான்று பெற்ற பேக், பில்லில் வண்டியின் ஆர்சி எண், திரும்பப் பெற்ற பழைய பேக்கின் வரிசை எண். இம்மூன்றும் இருந்தால் 5 சதவீதம், இல்லையேல் 18. அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மின் ஆட்டோ பேட்டரி பழுதுபார்ப்போர்