உவரி மணலில் மெட்டல் டிடெக்டர் கத்தினால் பழுது என்று நினைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உவரிக் கடலில் தாலிச்செயினைத் தொலைத்தவர்களுக்கும், பாபநாசம் படித்துறையில் கொலுசைத் தவறவிட்டவர்களுக்கும் தேடிக்கொடுக்கலாம் என்று மெட்டல் டிடெக்டர் வாங்குகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால், ‘சும்மா சும்மா கத்துது’ என்று வாங்கிய வேகத்தில் பரணில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கருவியில் பழுது இருக்காது. சென்சிடிவிட்டியை, அதாவது மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கூர்மையை, உச்சத்தில் வைத்திருப்பார்கள்.

நம் கடற்கரையில் இருப்பது இல்மனைட், கார்னெட் தாதுக்கள் கலந்த கருமணல். சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துத் தேரி மணல்மேடோ இரும்பேறிச் சிவந்த மண். இந்த மண்ணுக்கே கருவி குரல் கொடுக்கும். சென்சிடிவிட்டியைக் கூட்டினால் மண்ணின் இரைச்சலும் சேர்ந்து கூடி, ஆழத்தில் கிடக்கும் நகையின் மெல்லிய சத்தம் அதில் அமுங்கிவிடும். இங்கே குறைத்து வைத்தால்தான் ஆழம் கிடைக்கும்.

முதலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். செல்போனை அணைத்துவிட்டு, கருவியின் அடியில் உள்ள தட்டான காயிலை இடுப்பு உயரத்தில் அசைக்காமல் பிடியுங்கள். அப்போதும் கத்தினால் மின்கம்பியோ, பக்கத்தில் ஓடும் இன்னொரு டிடெக்டரோ காரணம். அலைவரிசையைச் சற்றே மாற்றுங்கள். அடங்காவிட்டால் சென்சிடிவிட்டியைப் படிப்படியாக இறக்குங்கள். மேலே அமைதியாக இருந்து, தரைக்குக் கொண்டுபோனதும் கத்தினால் அது மண். அதற்குத்தான் மண்ணின் சத்தத்தை அடக்கும் கிரவுண்ட் பேலன்ஸ் என்கிற செட்டிங். உலோகம் இல்லாத இடத்தில் காயிலை ஒரு அடி உயரத்துக்கும் தரைக்கு இரண்டு விரற்கடை மேலே வரைக்கும் ஏற்றி இறக்கி, இரண்டு போக்கிலும் சத்தம் ஒன்றுபோல வரும்வரை அந்த செட்டிங்கின் எண்ணை மாற்ற வேண்டும். காய்ந்த மணலில் வைத்த எண் ஈர மணலுக்கு உதவாது, உப்புத்தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை அலைவரிசைக் கருவி அலை நனைக்கும் இடத்தில் முழுதாக அடங்காது. பல அலைவரிசைக் கருவிதான் அங்கே தோது.

வேண்டாத உலோகத்தின் சத்தத்தை வெட்டும் டிஸ்கிரிமினேஷனில்தான் தங்கத்தைக் கோட்டை விடுகிறார்கள். குப்பைச் சத்தம் வேண்டாம் என்று அலுமினியத் தாள் வரைக்கும் வெட்டிவிட்டால், கருவியின் திரையில் மெல்லிய மோதிரமும் கம்மலும் அலுமினியத் தாளுக்கு வரும் எண்களிலேயே வருவதால் அவையும் போய்விடும். இரும்பை மட்டும் வெட்டுங்கள். நகை தேட அது போதும். மெல்லிய செயினைக் கருவி முழுச் செயினாகப் பார்க்காது, ஒவ்வொரு சிறு வளையமாகத்தான் பார்க்கும். அதனால் கொக்கியோ தாலியோ இருக்கும் இடத்தில்தான் சத்தம் எழும், அதுவும் மெலிதாக. ஹெட்போன் இல்லாமல் அதைப் பிடிக்க முடியாது.

ஊக்கும் ஆணியும் நிறைந்த படித்துறையில் ஆறு அங்குலக் காயில் போதும். சின்னக் காயில் ஒரு நேரத்தில் பார்க்கும் மண்ணும் குறைவு என்பதால் கருமணலிலும் நிதானமாக ஓடும்.

பலர் கவனிக்காத ஒன்று, காயிலின் அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடி. அதற்குள் கருமணல் புகுந்துவிட்டால் எந்த செட்டிங்குக்கும் கருவி அடங்காது. மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். கேபிளும் தண்டோடு இறுக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும். தொளதொளவென்று ஆடினால் வீசும்போதெல்லாம் பொய்ச் சத்தம் வரும்.

செட்டிங் சரிதானா என்று பார்க்க, ஒரு மோதிரத்தை நைலான் நூலில் கட்டி அதே மணலில் 10 செ.மீ. ஆழத்தில் புதைத்து, மேலே காயிலை வீசுங்கள். இரண்டு பக்கம் வீசும்போதும் ஒரே சத்தம் வரவேண்டும்.

ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கைப் பக்கம் இந்தக் கருவியோடு போகவே கூடாது. தோண்டிக் கலைத்த மண்ணிலிருந்து தொல்லியல் ஆய்வாளர்களுக்கு எதுவும் தெரியாது. வேறு இடத்தில் பழங்காசோ நகையோ கிடைத்தாலும், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

நகையைத் தொலைத்தவர்களும் ஒன்று செய்ய வேண்டும். நின்ற இடத்துக்கு நேராகக் கரையில் இரண்டு குச்சிகளை முன்னும் பின்னுமாக நட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அன்றைக்கே தேட வேண்டும். அலை அடிக்க அடிக்க மேலே மணல் ஏறிவிடும்.

இப்படிக்கு,
வாசகர், திசையன்விளை