ஜிப் போடாதே, அப்படியே அனுப்பு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ எனக்கு அனுப்பிய அந்த 40 ஜிபி விர்ச்சுவல் மெஷின் ஃபைல் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் முழுசும் ஒரே ஃபைலாக) தொண்ணூறு சதவீதம் வந்தபின் அறுந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே, இதே வயிற்றெரிச்சல் எனக்கும் பழக்கம்தான். 10 எம்பிபிஎஸ் அப்லோடில் அது வந்துசேரக் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம் ஆகும், எட்டாவது மணியில் லைன் போனால் யாருக்குத்தான் எரியாது?

நான் ஆர்சிங்க்குக்கு மாறி வெகுநாளாயிற்று, ஃபைலில் மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிற புரோகிராம் அது. 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் எழுதியது, இன்னும் அசையாமல் நிற்கிறது. என்னிடம் இருக்கும் பழைய ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடையாளமாக, அதன் பைட்டுகளை வைத்துச் சின்னதாக ஒரு கணக்கும் உறுதியான இன்னொரு கணக்கும் போட்டு, அந்தக் கணக்குகளை உன் பக்கம் அனுப்பும். உன் பக்கம் புது ஃபைலை ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து பார்த்து, எது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து மிச்சத்தை மட்டும் அனுப்பும். நகரும்போது அந்தச் சின்னக் கணக்கை முழுக்கத் திரும்பப் போடுவதில்லை, பின்னால் போன பைட்டைக் கழித்து முன்னால் வந்ததைக் கூட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் ஃபைலின் தலையில் ஒரே ஒரு எழுத்தைச் செருகினாலும் மீதியெல்லாம் புதுசு என்று ஏமாறாது. இதை முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

நீ செய்யும் தப்பு, ஜிப் போட்டு அனுப்புவது. சுருக்கிய ஃபைலில் முன்பக்கம் கொஞ்சம் மாறினாலும் அதற்குப் பின்னால் எல்லாமே மாறிவிடும், ஆர்சிங்க் பாவம் என்ன செய்யும், முழுசையும்தான் அனுப்பும். என்க்ரிப்ட் செய்த, அதாவது ரகசியக் குறியாக மாற்றிய ஃபைலும் அப்படித்தான். ஃபைலை அப்படியே விடு, வழியில் சுருக்குவதற்கு அதிலேயே ஆப்ஷன் இருக்கிறது. பார்ஷியல் ஆப்ஷனையும் மறக்காமல் போடு, இல்லையென்றால் பாதியில் அறுந்ததை அதுவே அழித்துவிடும். அப்புறம், அந்த விர்ச்சுவல் மெஷினை நிறுத்திவிட்டு அனுப்பு, ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த காப்பியை நம்ப முடியாது.

என் கதையையும் கேள். அனுப்பும் பக்கம் இல்லாததையெல்லாம் வாங்கும் பக்கம் அழித்துவிடுகிற டெலீட் ஆப்ஷனோடு, ஆர்சிங்க்கில் போட்டோ ஃபோல்டரை பேக்கப் டிஸ்க்குக்கு அனுப்பினேன், ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் கைதவறி ஒரு சாய்கோடு விழுந்துவிட்டது. சாய்கோடு இருந்தால் ஃபோல்டர் போகாது, உள்ளே இருப்பது மட்டும் போகும். ஆக, இந்த டிஸ்க்கில் போட்டோக்கள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று அது எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த மற்ற ஃபோல்டர்களையெல்லாம் துடைத்துவிட்டது. ஒரு சாய்கோடு! இப்போதெல்லாம் எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கிற டிரை ரன் போட்டு, என்னென்ன அழியும் என்று படித்துப் பார்க்காமல் என்டர் தட்டுவதில்லை.

இரண்டு மெஷினிலும் ஒரு ஃபோல்டரைத் தானாகவே ஒரே மாதிரி வைத்திருக்கும் சிங்க்திங் புரோகிராம் பற்றிக் கேட்டிருந்தாய். நல்லதுதான், நடுவில் யாருடைய சர்வரிலும் ஃபைலைச் சேமித்து வைக்காது, ஆனால் நம் இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருக்க வேண்டும், நீ ராத்திரி பன்னிரண்டுக்கு ஷட்டவுன் செய்கிற ஆள். இருவரும் ஒரே ஃபைலைத் திருத்தினால் ஒன்றைக் கான்ஃபிளிக்ட் என்று பெயர் மாற்றி வைக்கும், எது சரி என்று நாம்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சரி, முதல் காப்பியை நெட்டில் அனுப்பிக் கஷ்டப்படாதே. ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தனுப்பு, நான் இங்கே இறக்கி வைக்கிறேன். அடுத்த நாளிலிருந்து மாற்றம் மட்டும் வரட்டும். ஜிப் போட்டு அனுப்பினாயோ, திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்